ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஆங்கிலக் கற்பித்தலில் பிஎச்.டி.: காரைக்குடியா, ஹைதராபாத்தா, வெளிநாடா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற பலருக்கு முனைவர் பட்டம் பற்றிய யோசனை இருக்கிறது. என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று விதம். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கும் இளையவர்கள் ஒரு விதம். இவர்களில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பெண்கள் நிறைய. கல்லூரியில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் இன்னொரு விதம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மூன்றாவது. "எங்கே சேரலாம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் "எதை ஆராயப் போகிறீர்கள், யாரிடம்?" என்று திருப்பிக் கேட்பேன். இந்தத் துறையில் ஊரைத் தீர்மானிக்க வேண்டியது அந்த இரண்டும்தான். அப்படிப் பார்க்கும்போது கையில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்லூரி வேலைக்காக மட்டும் என்றால் பிஎச்.டி. கட்டாயம் இல்லை. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்ச்சி போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி மாறிவிட்டது. ஆகவே வேலைதான் அவசரம் என்றால் அடுத்த ஓர் ஆண்டை நெட் தேர்வுக்குக் கொடுங்கள். நன்றாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், ஹைதராபாத்தில் இருக்கும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (இ.எஃப்.எல்.யு.) தொலைநிலையில் நடத்தும் ஆங்கிலக் கற்பித்தல் முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜின் செல்டா மாதிரியான ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் இருக்கிறது. அவை வகுப்பறையைச் சீக்கிரமாகவே மாற்றும். பிஎச்.டி. அதற்கானது கிடையாது. ஒரு கேள்வியோடு நான்கைந்து வருடம் குடியிருக்கத் தயாராக இருப்பவருக்கானது அது.

நம் கரையில் என்ன இருக்கிறது

பல ஒப்பீட்டுக் கட்டுரைகள் பல்கலைக்கழகத்தின் தரவரிசையில் தொடங்குகின்றன. நான் நம் ஊர்ப் பள்ளியில் தொடங்குகிறேன்.

மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தபோது இந்தியாவை இரண்டாவது வட்டத்தில் வைத்தார். ஆங்கிலம் தாய்மொழி இல்லை, ஆனாலும் நிர்வாகத்திலும் கல்வியிலும் நீதிமன்றத்திலும் புழங்கும் நாடுகளின் வட்டம் அது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இது பொருந்தும். தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு, பள்ளி மணி அடித்த பிறகு ஆங்கிலம் காதில் விழும் இடம் எது? கைப்பேசியும் கடைப் பலகையும்தான். ராமேஸ்வரத்துக் கடைக்காரர்கள்கூட வடநாட்டு யாத்ரீகர்களிடம் பெரும்பாலும் இந்தியில்தான் பேசுகிறார்கள். ஏட்டில் இரண்டாம் மொழி, நடப்பில் அந்நிய மொழி. இந்த இடைவெளியை யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும். அதைச் செய்யத் தகுதியானவர் இங்கேயே பிறந்து இங்கேயே பாடம் எடுப்பவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னும் சில கேள்விகள் காத்துக் கிடக்கின்றன. கீழக்கரையில் ஒரு பெண் குழந்தை, பள்ளியில் ஆங்கில எழுத்தில் வேகம் பிடிப்பதற்கு முன்பே மதரஸாவில் அரபி எழுத்தைச் சத்தமாக ஓதப் பழகிவிடுகிறாள். வலமிருந்து இடமாக, உச்சரிப்புத் திருத்தமாக, பெரும்பாலும் பொருள் தெரியாமலேயே. எழுத்தை ஒலியாக்கும் அந்தப் பழக்கம் அவளது ஆங்கில வாசிப்புக்கு உதவுகிறதா, இல்லை பொருள் தேடாமல் வாசிக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறதா? மூன்று எழுத்துமுறைகளோடு வளரும் குழந்தைகள் இவர்கள். இதை மதிப்போடும் பொறுமையோடும் பார்த்தால் உலகம் முழுக்கப் பயன்படும் ஆய்வாகும். மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடா வேலைக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு எந்த ஆங்கிலம் தேவை என்ற கேள்வி இருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைச் சேர்த்து உட்காரவைக்கும் சிறிய தொடக்கப் பள்ளிகளில், சிறு பிள்ளைகளின் அடிப்படைத் திறனுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சிகள் எப்படி நடக்கின்றன என்பது தனிக் கேள்வி.

காலமும் நமக்கு ஒத்துழைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் அப்பாக்கள் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. பள்ளிக்கும் அப்போது பெரும்பாலும் கோடை விடுமுறை. பிள்ளையின் படிப்பைப் பற்றித் தகப்பனிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இதெல்லாம் இரண்டாம் வருடத்தில்தான் தெரியவரும்.

ஊர்ப் பள்ளியில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று தயங்குபவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் என்.எஸ்.பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில், இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல், பிள்ளைகளுக்கு யோசிக்க ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியாக மொழியைக் கற்பிக்க முடியுமா என்று பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்ற அந்த முயற்சியைப் பேசாமல் இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் செயல்வழி மொழிக் கற்பித்தலைப் பேச முடியாது. இன்னொருவர் சுரேஷ் கனகராஜா. நம் கரைக்கு நேர் எதிரே, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். தன் மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் வரைந்தவற்றையும் கிறுக்கியவற்றையும்கூட ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டு 1993இல் அவர் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் வாசிக்கப்படுகிறது. இருவருக்கும் ஆய்வுக்களம் பக்கத்து வகுப்பறைதான்.

எந்தத் துறையில் பதிவு செய்வது

ஊருக்கு முன்னால் இதைத் தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலக் கற்பித்தலில் ஆய்வு செய்ய இந்தியாவில் மூன்று கதவுகள் இருக்கின்றன: ஆங்கிலத் துறை, கல்வியியல் துறை, ஆங்கில மொழிக் கல்வி என்றே தனியாக இருக்கும் துறை.

நம் பக்கத்தில் அதிகம் பேர் போவது ஆங்கிலத் துறைக்கு. பட்டத்தில் "ஆங்கிலம்" என்று இருக்கும்; கலைக் கல்லூரி வேலைக்கு அது நேராகப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டு ஆங்கிலத் துறைகளில் நெறியாளர்கள் பெரும்பாலும் இலக்கியம் படித்தவர்கள். நாவலைப் பற்றிய ஆய்வை அருமையாக வழிநடத்தும் ஒருவருக்கு, வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பகுக்கும் முறையோ, தேர்வுத்தாள் நம்பகமானதா என்று சோதிக்கும் புள்ளியியலோ பழக்கம் இல்லாமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாணவர் தனியாகத் தடுமாறுவார்.

கல்வியியல் துறையில் ஆய்வுமுறை பலமாக இருக்கும். மாதிரி எடுப்பது, கருவி தயாரிப்பது, புள்ளியியல் எல்லாம் முறையாகக் கற்றுக்கொடுப்பார்கள். பொதுவாக எம்.எட். அல்லது எம்.ஏ. கல்வியியல் கேட்பார்கள். இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள்: கல்வியியலில் வாங்கும் முனைவர் பட்டம் பி.எட். கல்லூரிப் பணிக்குப் பொருந்தும். கலைக் கல்லூரி ஆங்கிலத் துறைப் பணிக்கு "உரிய பாடத்தில் பட்டம்" என்று கேட்கும்போது அது நிற்காது. அரசுப் பள்ளியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு என்பதால் அவர்களை நான் கல்வியியல் பக்கம் தயங்காமல் அனுப்புவேன்.

மூன்றாவது கதவு அரிது. அதன் பெரிய முகவரி ஹைதராபாத். அதற்கு வருவோம்.

எந்தக் கதவாக இருந்தாலும், சேர்வதற்கு முன் ஷோத்கங்கா தளத்தில் இரண்டு மூன்று மாலை செலவழியுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் நினைக்கும் நெறியாளரின் மாணவர்கள் எழுதியதை எடுத்துப் படியுங்கள். ஒரு பிரிவுக்குப் புது முறை, இன்னொரு பிரிவுக்குப் பழைய முறை, முன்தேர்வு, பின்தேர்வு, புது முறையே வென்றது என்ற ஒரே அச்சில் எத்தனை ஆய்வேடுகள் வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்க்க உங்கள் இளமையைக் கொடுக்காதீர்கள்.

காரைக்குடி, பகுதி நேரம்

ராமநாதபுரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் 1985இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தொண்டியிலிருந்து காரைக்குடி சுமார் 50 கிலோமீட்டர், ராமநாதபுரத்திலிருந்து சுமார் 80. ராமேஸ்வரத்துக்காரருக்கு அதற்கு மேல் ஒரு 55 சேர்ந்துகொள்ளும். ஆனால் திருச்சி வழியாகச் சென்னை போகும் ரயில்கள் காரைக்குடியில் நிற்கின்றன. ஆங்கிலத் துறையும் கல்வியியலும் இரண்டுமே அங்கே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் காந்திகிராமமும் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான். நெறியாளர் அங்கே சரியாக அமைந்தால் கூடுதல் பயணத்துக்குத் தயங்க வேண்டாம். மற்றபடி இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வேலையில் இருப்பவருக்குப் பகுதி நேரம்தான் வழி. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை பகுதி நேரப் பிஎச்.டி.யை அனுமதிக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கொடுப்போம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (ஆய்வாளர் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று அதில் நிர்வாகம் எழுதித் தர வேண்டும். இந்தக் காகிதத்தை விண்ணப்பிப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டுக் கோர்ஸ் ஒர்க் நேரத்தில் விடுப்பு மறுக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதைத் தவிர்க்க முடியாது.

கால வரம்பு குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம், ஆக மொத்தம் பத்து. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணமோ வேறு காரணமோ ஊரை மாற்றினால், செய்த ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லவும் பெண்களுக்கு அதே விதியில் இடம் இருக்கிறது. "கல்யாணம் ஆனால் படிப்பு பாதியில் நின்றுவிடுமே" என்று பயப்படும் பெற்றோரிடம் இந்த விதியைக் காட்டுங்கள். கீழக்கரையில் நிச்சயதார்த்தப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரிடமும் காட்டலாம். சட்டப்படி இருக்கும் உரிமை இது.

பகுதி நேரத்தின் பலவீனம் பணம். உதவித்தொகை எதையும் எதிர்பார்க்க முடியாது. கட்டணம் வெளிநாட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான், ஆனால் பயணம், தட்டச்சு, புத்தகம் எல்லாம் சம்பளத்திலிருந்து போகும். அதைவிடப் பெரிய பலவீனம் தனிமை. துறையில் சக ஆய்வாளர்களோடு தினமும் பேசாமல், மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதாக ஆய்வு சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. புத்தகத் தட்டுப்பாடு முன்பைவிடக் குறைந்துவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் இருப்பவர்களுக்கு முப்பது பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. ஆங்கிலக் கற்பித்தலின் முக்கியமான இதழ்களைக் கொண்டுவரும் பதிப்பகங்களும் அதில் உண்டு. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த முதல் வாரத்திலேயே அந்த அணுகலைக் கேட்டு வாங்குங்கள்.

இலக்கிய நெறியாளர் பற்றிச் சொன்ன சிக்கலுக்கும் தீர்வு இருக்கிறது. 2022 விதி இணை நெறியாளரை அனுமதிக்கிறது, வேறு நிறுவனத்திலிருந்துகூட. காரைக்குடியில் ஒரு நெறியாளர், மொழிக் கல்வியில் பழுத்த இன்னொருவர் இணை நெறியாளர் என்று அமைந்தால், பகுதி நேர ஆய்வின் தரம் ஒரேயடியாக உயரும். இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள்; தன் துறை அறிவின் எல்லை தெரிந்த நெறியாளர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

ஹைதராபாத், முழு நேரம்

1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமான இ.எஃப்.எல்.யு. இந்தியாவில் இந்தத் துறையின் தாய்வீடு. ஆங்கில மொழிக் கல்வியில் தனியாகவே பிஎச்.டி. தருகிறார்கள். பாடப்பொருள் தயாரிப்பு, தேர்வும் மதிப்பீடும், ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொன்றிலும் ஆழமாகப் போனவர்கள் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். அசாமிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆய்வாளர்களோடு உணவுக்கூடத்தில் நடக்கும் வாதங்களே பாதிப் படிப்பு. பகுதி நேரத்தில் இல்லாத அந்தச் சூழல் இங்கே முழுமையாக இருக்கிறது. ஆய்வின் தரத்தை மட்டும் அளவாக வைத்தால் இந்தியாவுக்குள் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணத்துக்கு வழி, நெட் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு மூத்த ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். ஆகும்போது 42,000, 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. தனியார் கல்லூரிகள் பலவற்றில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு இது கிடைக்காது. வயது வரம்பு 30. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. நம் கரையில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் 35 என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலைப் பார்த்து, அதற்குரிய ஓ.பி.சி. சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். நெட் விண்ணப்பம் திறந்த பிறகு ஓடாமல் இப்போதே வாங்கிவையுங்கள்.

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று நிலைகளில் வருகிறது: ஜே.ஆர்.எஃப். பெற்றவர்கள், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் பெற்றவர்கள், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள். பின்னிரண்டு பிரிவினரின் மதிப்பெண் சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும். தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். ஜே.ஆர்.எஃப். வராவிட்டால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை வைத்து ஹைதராபாத்தில் காலம் தள்ளுவது கஷ்டம். சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. நம் மாவட்டத்து முஸ்லிம் பெண்களுக்கு அது பெரிய இழப்பு. அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டிருந்தவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழு நேரமாகச் சேர்பவர்களுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதற்குத் தனித் தகுதித் தேர்வு இருக்கிறது. வீட்டை விட்டு ஹைதராபாத் போக முடியாத, ஆனால் முழு நேரம் படிக்க முடிந்த பெண்ணுக்குக் காரைக்குடியோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது நல்ல யோசனை.

ஹைதராபாத்தில் எனக்கு இருக்கும் ஒரே கவலை களம். அங்கே போன பிறகு பக்கத்தில் கிடைக்கும் தெலுங்குப் பள்ளியையோ, தன் வளாகத்து மாணவர்களையோ வைத்து ஆய்வை முடித்துவிடும் சபலம் வரும். அங்கே சேர்ந்தாலும் தரவு தேடி ஊருக்கு வருவேன் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். கோர்ஸ் ஒர்க் முடிந்ததும் ஒரு கல்வியாண்டு முழுக்க இங்கே தங்க நெறியாளரிடம் அனுமதி பெறலாம். மூன்று மாதத் தரவை வைத்து ஒரு கடற்கரைப் பள்ளியைப் புரிந்துகொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

வெளிநாடு

முழு உதவித்தொகை இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். பிரிட்டனில் இந்தத் துறைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 20,000 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகு தங்கும் செலவு. படகையும் நகையையும் அடகு வைத்துச் செய்ய வேண்டிய படிப்பு இதில்லை. ஆங்கில ஆசிரியர் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது.

உதவித்தொகை வழிகள் இருக்கின்றன. பிரிட்டனுக்குக் காமன்வெல்த் உதவித்தொகை கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணம் மூன்றையும் ஏற்கும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு மொத்தம் 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு; வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் முனைவர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை; அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். ஹாங்காங்கின் பிஎச்.டி. ஃபெலோஷிப்பும் தாராளமானது, மொழிக் கல்வியில் அங்கே வலுவான துறைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு போக நினைப்பவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் எம்.ஏ. மாதிரியான வகுப்புவழி முதுநிலைப் படிப்புக்குக் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முடியும்.

வெளிநாட்டில் கிடைக்கும் பெரிய நன்மை ஆய்வுமுறைப் பயிற்சியும், உங்கள் வாதத்தை வாரம்தோறும் அசைத்துப் பார்க்கும் நெறியாளரும். நஷ்டம், உங்கள் கேள்வி மெல்ல மெல்ல அவர்கள் கேள்வியாக மாறிவிடுவது. அங்கே பேசப்படும் சிக்கல்கள் குடியேறியவர்களின் வகுப்புகளிலிருந்தும் சர்வதேச மாணவர்களிடமிருந்தும் வருபவை. மண்டபத்துப் பள்ளியை அந்தச் சட்டத்துக்குள் அடைக்கச் சொல்வார்கள். எதிர்த்து நிற்கத் தெம்பு வேண்டும்.

எனக்குப் பிடித்த நடுவழி ஒன்று உண்டு. இங்கே முழு நேரமாகப் பதிவு செய்து, இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவர் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் தங்கி ஆய்வு செய்ய அது பணம் தருகிறது. தரவை இங்கே சேகரித்து முடித்துவிட்டு, அதைப் பகுக்கும் கட்டத்தில் அங்கே போவது நல்லது. கேள்வி நம்முடையதாகவே இருக்கும், கருவி கூர்மையாகும்.

வெளிநாட்டுப் பெயரோடு வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிஎச்.டி. என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். கல்வித் தொழில்நுட்ப (எட்டெக்) நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. பணம் கொடுத்தால் கட்டுரை வெளியிடும் இதழ்களும் அப்படித்தான். தரமான ஆய்விதழ்களை அடையாளம் காட்டிய யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு, எது நல்ல இதழ் என்று தீர்மானிப்பது நிறுவனங்களின் பொறுப்பாகிவிட்டது. ஏமாற்றுபவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது. 2022 விதிப்படி ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசியக் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

இப்போதுதான் எம்.ஏ. முடித்த, 35க்குக் கீழே இருக்கும் ஒருவர் என்றால், முதல் இரண்டு மூன்று முயற்சிகளை ஜே.ஆர்.எஃப்.க்குக் கொடுத்துவிட்டு ஹைதராபாத்தைப் பார்க்கச் சொல்வேன். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் தயங்கினால், மத்தியப் பல்கலைக்கழகம், உள்ளேயே விடுதி, கையில் அவள் பெயருக்கே வரும் பணம் என்று மூன்றையும் எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோரை ஒருமுறை நேரில் அழைத்துப் போய் வளாகத்தைக் காட்டினால் இன்னும் நல்லது.

கல்லூரியில் வேலை பார்ப்பவர் வேலையை விட வேண்டாம். காரைக்குடியில் பகுதி நேரம், வெளியிலிருந்து இணை நெறியாளர். ஆறு வருடம் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியரிடம்தான் எனக்கு அதிக எதிர்பார்ப்பு. வகுப்பறை அவர் கையில் இருக்கிறது. ஒரே பிள்ளைகளை வருடக் கணக்காகப் பார்க்கிறார். அந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை மணிக்குக் கடற்பாசி எடுக்கப் போகிறாள், வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கல்வியியலில் பகுதி நேரமாகப் பதிவு செய்து, தன் பள்ளியையும் பக்கத்து இரண்டு பள்ளிகளையும் எடுத்துக்கொண்டால் போதும். தன் மாணவர்களிடமே தரவு எடுக்கும்போது, மறுத்தால் சார் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரோ என்று பிள்ளையோ பெற்றோரோ நினைக்கக்கூடாது. சம்மதத்தை வேறோர் ஆசிரியர் மூலம், தமிழில் எழுதிய படிவத்தில் வாங்குங்கள்.

நெறியாளரைச் சந்திக்கும்போது நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. ஓய்வுக்கு எத்தனை வருடம் இருக்கிறது? மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் அவர் புதிதாக ஆய்வாளரைச் சேர்க்கவே விதி இடம் தராது. காலி இடம் இருக்கிறதா? பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வைத்துக்கொள்ள முடியும். கடைசியாக முடித்த மாணவருக்கு எத்தனை வருடம் ஆனது? அந்த மாணவரின் எண்ணையும் வாங்கி அவரிடம் பேசிவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளில் தரவு எடுக்க முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் தெரிந்தவர் என்பதற்காக அதை விட்டுவிட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது களத்தில் இறங்க வேண்டும் என்றால் நெறியாளரின் கடிதத்தோடும் கேள்வித்தாளின் நகலோடும் மார்ச் மாதமே மனு கொடுத்துவிடுங்கள். பொதுத் தேர்வு வேலைகளில் அலுவலகம் மூழ்கியிருக்கும், கோப்பு நகரச் சில வாரங்கள் ஆகும்.